இடது தாடைக்குக் கீழே ஒரு சுழி

1

தீக்குச்சியைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்து, பற்றிக்கொள்ளாதபடி மெல்ல இழுத்துப் பாருங்கள். சர்ர்ரென்று ஒரு சத்தம் வரும். மூன்று நாள் தாடியின் மேல் சேஃப்டி ரேசர் இறங்கும்போதும் அச்சாக அதே சத்தம்தான். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக் கிணற்றடிச் சுவரில், ஆணியில் தொங்கும் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைக் கேட்கிறேன். கேட்டதும் மூக்கில் தீப்பெட்டி மருந்தின் வாடை ஏறுகிறது. அது வருவதற்கு இங்கே வழியே இல்லை. சுற்றிலும் இருப்பது மிளகு, சுக்கு, காயல் தண்ணீர், அடுத்த வீட்டில் மீன் கழுவிய நெடி. ஆனாலும் ஏறுகிறது.

கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் வீட்டில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டாத கை கிடையாது. நான் பசை தடவுவேன். அண்ணன் மட்டும் வேலையைப் போட்டுவிட்டு, குச்சியை இப்படி இழுத்து இழுத்து விளையாடுவான். பற்றாது. பற்றவிட மாட்டான். "பத்தாம இழுக்கணும்லே, அதுதான் வித்தை" என்பான். நான் இழுத்தால் முதல் இழுப்பிலேயே பற்றிக்கொள்ளும். அடி எனக்கு விழும்.

போன மாதத்தோடு நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒரு மாத வேலை என்று சொல்லி ஒரு தோள்பையோடு வந்தவன். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இது வெளிநாடு இல்லை. விசா இல்லை, விமானம் இல்லை. செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் மழை, இன்னும் கொஞ்சம் வந்தால் கடல், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. கடல் தாண்டியவனுக்குத் தான் போய்விட்டோம் என்று தெரியும். எனக்கு அது தெரியவே இல்லை. நல்லது கெட்டதுக்குப் போய் வந்துகொண்டே, ஒரேயடியாகத் திரும்ப எப்போது வேண்டுமானாலும் பஸ் ஏறலாம் என்ற நினைப்பிலேயே ஒருவன் இருபத்திரண்டு வருஷம் அந்த பஸ் ஏறாமல் இருந்துவிட முடியும்.

2

ரேசர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வேலை மிளகுக் கிடங்கில். மூட்டையில் குத்தூசியை இறக்கி மாதிரி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஈரமா, பொக்கா, எவ்வளவு மண் என்று பார்ப்பது. கிடங்கில் மிளகுத் தூசி எப்போதும் காற்றிலேயே நிற்கும். முகத்தில் ஒரு கீறல் இருந்தால் போதும், அன்றைக்கு அந்தக் கீறலைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் நினைவில் இருக்காது. தாடி விட்டும் தப்ப முடியாது. தூசி மயிர்க்காலில் போய் உட்கார்ந்து, தும்மித் தும்மி விலா எலும்பு நோகும். ஆகவே எங்களுக்கு மழித்த முகம் வேண்டும். அதிலும் கீறாமல் மழித்த முகம்.

பிளாஸ்டிக் ரேசரில் எனக்கு அது வாய்க்கவே இல்லை. கழுத்தெல்லாம் சிவந்த பொரிகள். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் குழாயடியில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றபோது, மூட்டை தூக்கும் சேவியர் சேட்டன் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஷேவ் செய்ததோ, மீன் வெட்டியதோ?"

அவர்தான் பஜார் ரோட்டில் பழைய சாமான் விற்கும் கடையைக் காட்டினார். வெள்ளி முலாம் கொஞ்சம் உரிந்து பித்தளை தெரியும் ரேசர். கைப்பிடியின் அடியைத் திருகினால் தலையில் இரண்டு சின்னக் கதவுகள் விரியும். நடுவில் பிளேடை வைத்து மறுபடி திருகினால் கதவுகள் மூடிக்கொள்ளும். கையில் கனமாக இருந்தது. ஒரு வேலைக்காரனின் கருவி மாதிரி இருந்தது.

முதல் வாரம் முழுக்க ரத்தம். என்ன தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. வெந்நீரில் முகம் ஊறவைத்தேன், பிரஷ்ஷால் சோப்பை நுரை கட்டும் வரை சுழற்றினேன், பிளேடு மாற்றிப் பார்த்தேன். பிறகு ஒருநாள் கிடங்கில் குத்தூசியை மூட்டைக்குள் இறக்கும்போது என் கையையே பார்த்தேன். சணலை விலக்கி உள்ளே போக வேண்டும், அழுத்தாமல் போகாது. இருபத்திரண்டு வருஷமாக அழுத்தி அழுத்தியே சோறு தின்ற கை. அதே கையோடு போய்த் தாடையில் பிளேடை வைத்தால் என்ன ஆகும்?

அன்றிலிருந்து கைப்பிடியின் அடிநுனியை இரண்டு விரலால் மட்டும் பிடித்தேன். ரேசரின் எடையே போதும், நாம் வழியை மட்டும் காட்டினால் போதும். முதலில் ரேசரின் தலையைக் கன்னத்தில் ஒட்டப் படுக்கவைத்து, கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்க வேண்டும். ஒரு இடத்தில் அந்தச் சத்தம் பிறக்கும். சர்ர். அதுதான் கோணம். சத்தமில்லாமல் வழுக்கினால் இன்னும் இறக்கு. கரகரவென்றால் அழுத்துகிறாய், விடு. கண்ணாடியைவிடக் காதை நம்பத் தொடங்கிய பிறகுதான் எனக்குச் சவரம் வந்தது.

இன்னொன்று, மயிர் எந்தப் பக்கம் படுத்து வளர்கிறது என்று விரலால் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். கன்னத்தில் எனக்குக் கீழ்நோக்கி. கழுத்தில் மேல்நோக்கி. இடது தாடைக்குக் கீழே மட்டும் ஒரு சுழி. ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மயிர் வட்டமடித்துக்கொண்டு கிடக்கிறது, நாய் படுக்கும் முன் சுற்றுமே, அந்த மாதிரி. எப்போதும் வெட்டுப்பட்டது அங்கேதான். ஐம்பது வருஷமாக என் முகத்தில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. இப்போது அந்த இடம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று திசையில் மூன்று சின்ன இழுப்பு.

3

என் மகள் நித்யாவுக்கு இந்த வருஷத்தோடு பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறது. மலையாளத்தில் கதைப் போட்டியில் பரிசு வாங்குகிறவள், தமிழ் எழுத்தைப் பாசி பிடித்த படியில் இறங்குவதுபோல் ஒவ்வொன்றாகக் கால் வைத்துப் படிப்பாள். அவள் அம்மா லதா மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டால் "இது எந்த ஊர்த் தமிழ்?" என்று கேட்பார்கள். நானும் அதைக் கேட்டுக் கேட்டு, இப்போது எந்த ஊர்த் தமிழ் பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது.

கல்லூரியில் சேர வசிப்பிடச் சான்று வேண்டும் என்று மகளோடு வில்லேஜ் ஆபீசுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்து, "நாடு எவிடெயா?" என்றார். எந்த ஊர் என்கிறார். நான் யோசிக்காமல் கோவில்பட்டிப் பக்கத்து வீட்டு விலாசத்தைக் கதவிலக்கத்தோடு சொன்னேன். மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். அதிலும் அதே விலாசம். அண்ணன் இருக்கும் வீடு. அட்டையைத் திருப்பித் தந்து, முதலில் இதை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, ஒரு அட்ரஸ் மாத்தான் எத்ர கொல்லம் வேணும்?"

எத்தனை வருஷம் வேண்டும் என்கிறாள். அடுத்த மாதம் மாற்றிவிடலாம் என்றேன். ரேஷன் அட்டைக்கு, வங்கிக்கு, அவள் பள்ளிக்கு என்று ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்லி, ஏதாவது ஒரு காகிதத்தைக் காட்டித் தப்பி வந்திருக்கிறேன். மாற்றுவது பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் கால் நிலைகொள்ளாது. வீட்டுக்கும் கிடங்குக்கும் நடுவில் தேவையில்லாமல் படகுத்துறை வரை நடந்துவிட்டு வருவேன்.

4

அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. சொந்த லாரி. தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு மாதம் இரண்டு தடவை எர்ணாகுளம் வருவான். எங்கள் வீட்டுக்கு வர மாட்டான். நான்தான் சாப்பாட்டுத் தூக்கோடு கலூர்ப் பக்கம் லாரி நிற்கும் இடத்துக்குப் போவேன்.

"வீட்டுக்கு வாண்ணே, அரை மணி நேரம்."

"நீ முதல்ல உன் வீட்டுக்கு வாலே. அப்புறம் நான் வாரேன்."

சாப்பிட்டுக்கொண்டே சொல்வான். தாடியில் குழம்பு ஒழுகும். நான்கு வருஷத் தாடி, நெஞ்சு வரைக்கும். கேட்டால் நேர்ச்சை என்பான். எதற்கு என்று சொல்ல மாட்டான். லாரியின் கடனுக்கோ மகன் வேலைக்கோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த மழைக்காலத்தில், மலை இறங்கி வரும் வழியில் லாரி ஒரு பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் இடித்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. கூட வரும் மாற்று டிரைவர் முருகேசன்தான் எனக்குப் போன் செய்தான். "அண்ணாச்சி கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறாருண்ணே. ஆறு மாசமா இப்பிடித்தான். நான் சொன்னா ஏசுதாரு."

எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் அவனுக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். அதனால் ராத்திரி தூங்கியும் தூங்காதவன். பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்குகிறான். காற்று அடிக்கும் மிஷினை மாஸ்க்கோடு மாட்டிக்கொண்டு தினமும் தூங்க வேண்டும், அது பழகும் வரை லாரியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். இரண்டு வாரம் பக்கத்திலேயே இருந்து பார்க்கச் சொன்னார்.

அப்படித்தான், வேறு வழியில்லாமல், அண்ணன் முதல் தடவையாக எங்கள் வீட்டுப் படி ஏறினான்.

5

ஆஸ்பத்திரியில் மிஷின் பொருத்தும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மாஸ்க்கை அவன் மூக்கும் வாயும் மூடும்படி வைத்துப் பின்னால் பட்டையை இறுக்கினாள். மிஷினை ஓட்டியதும் தாடிக்குள்ளிருந்து உஸ்ஸ்ஸென்று காற்று. டயரில் ஆணி ஏறினாற்போல.

"லீக்காணு சேட்டா. தாடி களயணும்."

அண்ணன் மாஸ்க்குக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான். "என்னலே சொல்லுது இந்தப் பிள்ள?"

"தாடிய எடுக்கணுமாம்."

"வேற சைசு இல்லியா? செருப்புக்கடையிலயே பத்து சைசு வச்சிருக்கான்."

அவள் சிரித்துவிட்டாள். தமிழ் புரிந்திருக்கிறது. மூக்குக்கு மட்டுமான சின்ன மாஸ்க்கையும் வைத்துப் பார்த்தாள். இவன் வாயைத் திறந்து தூங்குகிறவன், அது உதவாது. கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள்: "சேட்டனு வண்டி ஓடிக்கணோ, தாடி வேணோ?"

அதற்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மிஷினுக்குக் கையெழுத்துப் போடும் இடத்தில் எங்கள் இருவர் அட்டையையும் கேட்டார்கள். கவுன்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ரெண்டாளும் ஒரே வீட்டிலா?" என்றார். அண்ணன் என் அட்டையைக் கையில் எடுத்தான். கண்ணாடி இல்லாமல் தள்ளிப் பிடித்து வாசித்தான். எங்கள் தெரு, எங்கள் கதவிலக்கம்.

"லே… நீ இன்னும் மாத்தலியா?"

அவன் முகம் முழுக்க, அந்தத் தாடிக்குள்ளும் வெளியிலும், ஒரு வெளிச்சம் வந்தது. நான் பேனாவைத் தேடுகிறவன்போல் பைக்குள் குனிந்துகொண்டேன்.

6

மூன்று நாள் தாடியைத் தொடவிடவில்லை. மிஷின் மேசைமேல் சும்மா இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் தலை சாய்ந்துவிடுகிறது. டம்ளரைக் கையில் பிடித்தபடி தூங்குகிறான்.

லதா சாயாவைக் கொண்டுவந்து கொடுப்பாள். "அத்தான், சாயா."

"டீன்னு சொன்னா உங்க ஊருல அடிப்பாங்களா தாயி?"

"அடிக்கில்ல. ஆனா யாரும் கொண்டுவந்து தர மாட்டாங்க" என்பாள் அவள்.

என்னிடம் தனியாகச் சொன்னாள்: "தாடிதானே? நேர்ச்சைன்னா மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சுட்டு, பின்ன கொண்டுபோய் சாமிக்குக் கொடுத்தா போதுமே. எங்க வீட்டுல அங்ஙனெயாக்கும் செய்யுறது." எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். குழந்தைக்கு மொட்டையடிக்க முடியாமல் போனால் ஒரு நாணயத்தோடு முடிந்துவைப்பார்கள். அண்ணனிடம் சொன்னேன். "காரியம் நடந்தா முடிஞ்சு வைக்கலாம். நடக்காததுக்கு எப்பிடிலே எடுக்க?" என்றான்.

நான்காம் நாள் காலை. கிணற்றடியில் நான் நுரை பூசிக்கொண்டிருந்தேன். அவன் கல்லில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு மணி வேலைக்கு ஆறு மணிக்கே மூஞ்சியத் தடவ ஆரம்பிச்சிருத. உன்னப் பாக்க மாப்பிள்ள வீட்டுலருந்து வாராங்களா?"

"பேசாம சத்தத்தக் கேளுண்ணே."

வலது கன்னத்தில் ஒரே இழுப்பு. சர்ர்ர். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"லே. இது குச்சி இழுக்கிற சத்தம்லா!"

"ஆமா."

"இன்னொரு மட்டம் இழு."

இழுத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான், தூக்கமில்லை. "பத்தாம இழுக்கப் படிச்சுட்ட" என்றான். "எத்தன அடி வாங்கிக் குடுத்திருக்கேன் உனக்கு."

அந்த நேரத்தில் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "நேர்ச்சை எதுக்குண்ணே?"

கிணற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"உனக்குத்தான்."

"எனக்கா?"

"அம்மா கருமாதி முடிஞ்ச அன்னிக்கே நீ பஸ் ஏறுன பாரு. அன்னிக்கு நேரத் திருச்செந்தூர் போனேன். நீ பொண்டாட்டி பிள்ளையோட ஊருக்கு வந்து சேரணும். வந்து சேர்ந்தா அங்க வந்து எடுக்கேன்னு சொல்லிட்டு வந்தேன்." குரலை இறக்கினான். "அட்டையில வெலாசம் மாத்தாம வச்சிருக்கியே. அதப் பாத்ததுலருந்து நெஞ்சுக்குள்ள ஒரு இது. சொல்லுலே. வாரேன்னு ஒரு வார்த்த சொல்லு, இப்பவே இந்த எடத்துல எடுத்துரு. சாமி நம்பும். நானும் நம்புதேன்."

வாரேண்ணே. அந்த வார்த்தை என் நாக்கில் தயாராக இருந்தது. போனில், பஸ் நிலையத்தில், கல்யாண வீடுகளில், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் என்று சொல்லிச் சொல்லி வழவழப்பான வார்த்தை. சொன்னால் தாடி போகும், மாஸ்க் ஒட்டும், அவன் தூங்குவான், பாலத்தில் இடிக்காமல் வண்டி ஓட்டுவான். ஒரு பொய்யில் எல்லாம் முடியும். என் பாதி முகத்தில் நுரை காய்ந்து தோலை இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டில் குக்கர் ஒரு விசில் விட்டது. இன்னொரு விசில் விட்டது.

சொல்லியிருப்பேன். ஆனால் அவன் நம்புதேன் என்று சொல்லிவிட்டானே. பிறகு ஒவ்வொரு லோடுக்கும் மழித்த முகத்தோடு வந்து நின்று, எப்போ வாரே என்று கேட்பானே.

"வரமாட்டேண்ணே."

நான் ரேசரைக் கிணற்று மேடையில் வைத்தேன்.

"லதாவுக்கு எல்லாம் இங்கதான். பிள்ளைக்கும் இங்கதான். எனக்கும்… எனக்கும் இங்கதான் போலருக்கு. வெலாசத்த மாத்தத் தைரியம் இல்லாம வச்சிருந்தேன். அதுக்கு வேற அர்த்தம் கிடையாது."

ஒரு காக்கை சோப்புக் கட்டியைத் தூக்கப் பார்த்தது, நான்தான் விரட்டினேன். அவன் தாடியை மெல்ல ஒரு தடவை நீவிக்கொண்டான்.

"இத முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா மூதி? நாலு வருசமா சாம்பாரு இதுக்குள்ள ஒழுகுது."

அவன் கல்லில் இருந்து எழுந்து, கிணற்றடியில் கிடந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். துண்டை எடுத்துத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"எடு."

"சாமிக்கு?"

"வரமாட்டேன்னு சொல்லுதவன வச்சுக்கிட்டு சாமி என்ன பண்ணும்? முடிஞ்சு வை. அதுகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

7

மடியில் மலையாளப் பேப்பரை விரித்து முதலில் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினேன். ஒரு மயிர் கீழே விழாமல் லதா எல்லாவற்றையும் வழித்து எடுத்தாள். பிறகு வெந்நீரில் நனைத்த துண்டு. பிறகு நுரை. என் முகத்தின் பாதி அப்படியே கிடந்தது, அதை அன்றைக்கு நான் முடிக்கவே இல்லை.

அடுத்தவர் முகத்தில் பிளேடு வைத்துப் பழக்கமில்லை. இரண்டு விரலில் பிடித்தேன். கன்னம் கீழ்நோக்கி. சர்ர்.

"லே, அந்தப் பிள்ள நித்யாவுக்கு ஏதோ தாளு வேணுமாம்லா…"

"பேசாதண்ணே, கன்னம் ஆடுது."

"வேணும்னா மாத்திக் குடு வெலாசத்த. நம்ம வீட்டுக் கதவு அதுக்காக ஓடிப்போயிராது."

"பேசாதண்ணே."

கழுத்தில் மேல்நோக்கி. அப்புறம் இடது தாடைக்குக் கீழே போனேன். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. என் விரல் தானாகவே இழுப்பைச் சுருக்கியது, ரேசரை அரைவட்டம் திருப்பியது. அப்புறம்தான் கண்ணால் பார்த்தேன். வெள்ளையும் கறுப்புமாய் மயிர் வட்டமடித்துக்கொண்டு, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. அதே இடம். நான் ரேசரை எடுத்துவிட்டுக் கட்டைவிரலால் அதைத் தொட்டேன். வேறு யாருடைய முகத்திலும் என் கை இப்படி வழி தெரிந்து போயிருக்காது.

"என்னலே நிப்பாட்டிட்ட? வெட்டிருச்சா?"

"இல்ல. உனக்கும் இங்க ஒரு சுழி."

"அப்பாவுக்கும் இருந்துச்சு. சலூன்ல எப்பவும் அந்த எடத்துலதான் ரத்தம் வரும். கடைய ரெண்டாக்கிருவாரு." பிறகு, "உனக்கும் இருக்கா?" என்றான். நான் என் தாடையைக் காட்டினேன். நுரை காய்ந்த என் பாதி முகத்தைப் பிடித்துத் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தான்.

மூன்று திசையில் மூன்று இழுப்பு. முடித்துவிட்டுப் படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்தேன். கீறல் இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

"எரியுதா?"

"இல்லியே. குளுகுளுன்னு இருக்கு."

நான்கு வருஷம் வெயில் படாத தாடை வேறொருவருடையதுபோல் வெளுத்திருந்தது. நெற்றியும் மூக்கும் லாரிக்காரனுடையவை. பள்ளிக்குக் கிளம்பி வந்த நித்யா கிணற்றடிக்கு எட்டிப் பார்த்து, வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யோ பெரியப்பா! இது அப்பாடெ காப்பி!"

"உங்க அப்பன்தான் என் காப்பி" என்றான். "நான் முன்னால வந்தவன்."

லதா மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியில், ஒரு நாணயத்தை வைத்து, முடியையெல்லாம் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். அன்று மதியம் ஆஸ்பத்திரியில் மாஸ்க்கைப் போட்டு மிஷினை ஓட்டினார்கள். உஸ் என்ற சத்தமே இல்லை. அந்தப் பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அடுத்த நாள் காலை ஒன்பது மணி வரை அண்ணன் எழுந்திருக்கவில்லை. நான் இரண்டு தடவை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

8

மயிர் வளர்ந்தால் மாஸ்க் மறுபடி ஊதும். ஆகவே ஊருக்குப் போனால் அவனே மழித்துக்கொள்ள வேண்டும். பழைய சாமான் கடையில் அதே மாதிரி இன்னொரு ரேசரைத் தேடிப் பிடித்தேன். முதல் நாள் அவனும் வெட்டிக்கொண்டான். "கியரு போட்ட கைலே, மெதுவாப் பிடின்னா எப்பிடிப் பிடிக்க?" மூன்றாம் நாள் சத்தத்தைப் பிடித்துவிட்டான். பற்றாமல் இழுப்பதில் அவன்தானே பெரியவன். நாங்கள் இருவரும் காலையில் ஒரே கண்ணாடிக்கு முன்னால் தோளை இடித்துக்கொண்டு நின்றோம். சுழி வரும் இடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைக் கோணினோம்.

நடுவில் ஒருநாள் நான் போய் விலாசத்தை மாற்ற எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து, படகுத்துறை வரை நடக்காமல் நேராக வீட்டுக்கு வந்தேன். அப்படிச் செய்ததில் கால் அமைதியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இன்னும் துருதுருக்கிறது. எங்கே போகத் துருதுருக்கிறது என்பது மட்டும் முன்பளவு நிச்சயமாக இல்லை.

இரண்டு வாரம் முடிந்த அன்று லாரி மட்டாஞ்சேரிக்கே வந்தது. கிடங்குத் தெருவில் மூட்டை வண்டிகளுக்கு நடுவே முருகேசன் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றான். அடுத்த பரிசோதனை வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, வழியில் ஒரு தடவைகூட ஓட்டாமல் ஊர் போய்ச் சேர, அண்ணன் தன் லாரியில் இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறினான். மடியில் மிஷின் பை. ஏறி உட்கார்ந்ததும் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது, பார்த்தேன்.

நான் மஞ்சள் முடிச்சை அவனிடம் நீட்டினேன். வாங்கவில்லை. என் விரல்களை அதன்மேல் மடக்கி மூடிவிட்டான்.

"இத நான் கொண்டு போகல. நேர்ந்தது நானு, எடுத்தது நீ. நீயே கொண்டா."

"எப்பண்ணே?"

"ஊருக்கு வந்து சேரச் சொல்லலலே. திருச்செந்தூருக்கு வா. ஒரு நாளு. காலைல வந்துட்டு சாயங்காலம் போயிரு."

முருகேசன் வண்டியை எடுத்தான். சேவியர் சேட்டன் முன்னால் ஓடி, கைவண்டிகளை விலக்கி வழிவிட்டார். லாரி நகர்ந்து திருப்பத்துக்குப் போகும்போது, ஜன்னலுக்கு வெளியே அந்த மழித்த முகம் வந்தது.

"சாயா வாங்கித் தாரேம்லே, வா!"